கூரையின் பழைய வெப்பக் காப்பு: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

வட இந்தியச் சமவெளிகளில் கோடை எத்துணைக் கடுமையானது என்பதை அங்கு ஓர் ஆண்டேனும் வாழ்ந்தவர் யாவரும் அறிவர். 2016-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதியன்று ராஜஸ்தானத்தின் பலோடி நகரில் வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸை எட்டியது. இத்தகைய நாட்களில் வெயிலின் வேகத்தை வீட்டின் மற்றெல்லாப் பகுதிகளையும்விட மிகுதியாகத் தாங்குவது கூரையே. சுவர்களின்மேல் காலையிலோ மாலையிலோ சிறிது நேரமே வெயில் படுகிறது. மட்டமான கூரையோ உதயம் முதல் அஸ்தமனம் வரை சூரியனை நோக்கியே கிடக்கிறது. காப்பேதுமற்ற காங்கிரீட் தளத்தின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 60 டிகிரி வரையிலும் சூடேறக்கூடும்.

இவ்வெப்பம் உடனே அறைக்குள் இறங்கி விடுவதில்லை. தளத்தின் கனத்தினூடே மெல்ல மெல்லக் கீழிறங்கிச் சில மணி நேரங் கழித்தே உட்கூரையை அடைகிறது. வெளியே காற்று தணியத் தொடங்கும் மாலை வேளையில் மேல்மாடி அறை அடுப்பங்கரைபோல் கொதிப்பதற்குக் காரணம் இதுவே. முன்னாளில் மக்கள் மொட்டை மாடியில் கட்டிலிட்டு உறங்கி இத்தொல்லையிலிருந்து தப்பினர். அடுக்கு வீடுகளில் வாழ்வோருக்கும், மாடிப்படி ஏற இயலாத முதியோருக்கும், நோயாளிகளுக்கும் அவ்வழி இன்று அடைபட்டு விட்டது. ஆகவே கூரையின் வெப்பக் காப்பு என்பது வசதியைப் பற்றிய பிரச்சினையாக மட்டும் நில்லாமல், உடல்நலத்தைப் பற்றிய பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

ஒரு குடும்பத்தின் கேள்வி

டில்லியை அடுத்துள்ள ஒரு சிற்றூரில், நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1974-இல் தம் தந்தையார் கட்டிய வீட்டில் வசித்து வருகிறார். இக்கட்டுரையாசிரியருக்கு அவர் நன்கு அறிமுகமானவர். எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் மேல்மாடியின் மேற்கு அறையில் உறங்குவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கோடையில் அவ்வம்மையார் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்து, இருமுறை மயக்கமுற்றார். கூரையைப் பார்வையிட்ட ஒப்பந்தக்காரர், அதன்மேல் உள்ள மண் காப்பு மிகப் பழையது என்றும், அதனை அடியோடு பெயர்த்தெறிந்து புதிய பொருளைப் பரப்பினாலன்றி வேறு வழியில்லை என்றும் கூறினார். அவர் கேட்ட தொகை ஆசிரியரின் சேமிப்பில் பெரும் பகுதியை விழுங்கக் கூடியது.

பழையது என்பதனாலேயே ஒரு காப்பு கெட்டுவிட்டதாகுமா? இக்கேள்விக்கு விடை காணும் முறையை, களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் பிறர்க்கு எடுத்துரைக்கத் தக்க வண்ணம் இங்கு விளக்குவோம்.

பழைய காப்பு எத்தகையது?

பஞ்சாப், டில்லி, உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் முறையை அங்குள்ள கொத்தர்கள் 'புஸ்கா' என்பர். காங்கிரீட் தளத்தின்மேலோ, செங்கற்களினிடையே இரும்புக் கம்பி செலுத்திக் கட்டிய தளத்தின்மேலோ முதலில் தாரைப் பூசுவார்கள். அதன்மேல், வைக்கோல் துணுக்குகள் கலந்து பிசைந்த மண்ணைச் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, மழைநீர் வடிவதற்கேற்ற வாட்டத்துடன் கெட்டிப்படுத்துவார்கள். பின்னர் மண்ணும் சாணமும் கலந்து மெழுகி, அதன்மேல் தட்டையான செங்கல் ஓடுகளைப் பதித்து, இடுக்குகளைச் சிமெண்டுக் கலவையால் அடைப்பார்கள். மலிவான இம்முறையை இந்தியத் தர நிர்ணய நிறுவனமும் ஏற்று, அதற்கெனத் தனி விதித்தொகுப்பையே (ஐ.எஸ். 2115) வகுத்துள்ளது.

இக்காப்பில் வெப்பத்தைத் தடுப்பது எது? மண் துகள்களுக்கும் வைக்கோலுக்கும் இடையே சிறைப்பட்டுள்ள காற்றே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். கம்பளி நம்மைக் குளிரினின்று காப்பதும், கண்ணாடிப் பஞ்சும் தெர்மோகோலும் வெப்பத்தைத் தடுப்பதும் இக்காரணத்தாலேதான். நீரோ அசையாக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்த வல்லது. மண்ணின் நுண்துளைகளில் காற்றிருந்த இடத்தை நீர் பற்றிக்கொண்டால் காப்பு தன் குணத்தை இழந்துவிடும். எனவே கூரைக் காப்பின் முதற்பகை ஈரம். மண்ணுக்கு முதுமை என்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பரப்பிய மண் உலர்ந்திருந்தால் அன்றுபோலவே இன்றும் பணி செய்யும். சென்ற ஆண்டு பரப்பிய மண்ணாயினும் நனைந்து கிடந்தால் பயன் தராது.

சிறிது கணக்கு

கூரையின் இருபுறத்திற்கும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு உள்ளபோது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் செல்கிறது என்பதே கூரையின் தரத்தை அளக்கும் அளவுகோல். இவ்வெண் எவ்வளவு குறைவாயிருக்கிறதோ அவ்வளவு நல்லது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் காங்கிரீட் தளத்திற்கு இது ஏறத்தாழ 3.4 ஆகும். அதன்மேல் உலர்ந்த மண்காப்பும் ஓடும் இருந்தால் ஏறத்தாழ 1.9 ஆகக் குறைகிறது. அதாவது, கீழிறங்கும் வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை மண் தடுத்துவிடுகிறது.

இனி, பழைய மண்ணை அகற்றிவிட்டு 4 சென்டிமீட்டர் தெர்மோகோலும் ஓடும் பதித்தால் அவ்வெண் ஏறத்தாழ 0.7 ஆகும். பழைய மண்ணை அப்படியே விட்டு அதே தெர்மோகோலை அதன்மேல் சேர்த்தால் ஏறத்தாழ 0.6 ஆகும். எரிசக்தித் திறன் செயலகம் புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' கூரைக்கு விதித்துள்ள மேல்வரம்பு 1.2. இவற்றினின்று இரு உண்மைகள் புலனாகின்றன. மண்காப்பு மட்டும் இக்காலத்து வரம்பை எட்டாது என்பது ஒன்று. அவ்வரம்பை எட்டுவதற்கு உலர்ந்த மண்ணைப் பெயர்த்தெறிய வேண்டிய தேவையில்லை என்பது மற்றொன்று.

பெயர்த்தெறிவதும் எளிதன்று. 60 சதுர மீட்டர் கூரையில் மண் மட்டுமே ஒன்பதரை டன்னுக்கு மேலிருக்கும். ஓடுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 14 டன். இவ்வளவையும் தலைச்சுமையாகக் கீழே இறக்க வேண்டும். வேலை முடியுமுன் மழை வந்துவிட்டால் திறந்து கிடக்கும் தளம் நீரில் ஊறும். ஆகவே மாற்றத் துணியுமுன் பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற் கேள்வி: வெப்பம் கூரை வழியேதான் வருகிறதா?

அறை சூடாயிருப்பதற்குக் கூரை ஒன்றே காரணம் என்று கொள்வது தவறு. மேற்குச் சன்னல் வழியே நுழையும் மாலை வெயிலும் காரணமாயிருக்கலாம். இதனை அறிய இரண்டு உஷ்ணமானிகள் போதும். காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி இதற்கு உதவாது. பள்ளிச் சோதனைச் சாலையில் உள்ள சாராய உஷ்ணமானியே ஏற்றது. ஒன்றின் குமிழை உட்கூரையில் படும்படி ஒட்டி, அறைக்காற்று தாக்காதவாறு அதன்மேல் சிறிது பஞ்சை வைத்து மூட வேண்டும். மற்றொன்றை அறை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். மேகமற்ற மூன்று நாட்களில் காலை 6, 10 மணிக்கும், பிற்பகல் 2 மணிக்கும், மாலை 6 மணிக்கும், இரவு 10 மணிக்கும் அளவுகளைக் குறித்து வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாலை 6 மணிக்கு அறைக்காற்று 37 டிகிரியும் உட்கூரை 42 டிகிரியும் இருக்குமாயின், கூரையே அறையைச் சூடாக்குகிறது என்பது தெளிவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பின், வெப்பம் வேறு வழியில் வருகிறது எனலாம். அப்போது கூரைக்குச் செலவிடும் பணம் வீணாகும். சன்னலுக்கு வெளியே தட்டியோ நிழற்கூரையோ அமைப்பதே தகும். உட்கூரையின் பல இடங்களில் அளந்து பார்த்து, ஓரிடம் மட்டும் மற்றவற்றினின்று பெரிதும் வேறுபட்டால் அவ்விடத்தில் காப்பு பழுதுற்றிருக்கலாம் என ஐயுற வேண்டும்.

இரண்டாம் கேள்வி: காப்பு உலர்ந்திருக்கிறதா?

இதற்கு ஊகம் போதாது. திறந்து பார்க்க வேண்டும். கூரையின் நடுவில் ஓரிடத்திலும், வடிகுழாயின் அருகில் ஓரிடத்திலும், கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஓரிடத்திலுமாக ஒவ்வோர் ஓட்டைப் பெயர்த்து, உள்ளிருந்து ஒரு பிடி மண்ணை எடுக்க வேண்டும். உலர்ந்த மண் விரல்களுக்கிடையே பொடிந்துவிடும். ஈரமண் பிடித்த பிடியாக உருண்டு நிற்கும். நுட்பமாக அறிய வேண்டுமாயின் 200 கிராம் மண்ணைத் தராசில் நிறுத்து, வெயிலில் நன்கு காயவைத்து மீண்டும் நிறுக்கலாம். 194 கிராமாகக் குறைந்தால் உள்ளிருந்த நீர் 6 கிராம். எட்டாம் வகுப்பு மாணவரும் இதனைச் செய்ய இயலும். சோதனை முடிந்ததும் அன்றே ஓட்டைப் பதித்து இடுக்குகளை அடைத்துவிட வேண்டும்.

ஈரம் காணப்பட்டால் அதன் வாயிலைத் தேட வேண்டும். வெடித்த இடுக்கு, அடைபட்ட வடிகுழாய், வாட்டமின்றி நீர் தேங்கும் பள்ளம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். நீர் புகும் வழியை அடைக்காமல் புதுக்காப்பைப் பரப்பினால் அதுவும் சில மழைக்காலங்களில் பழையதன் கதியையே அடையும். ஈரம் காயுமுன் மேலே நீர்புகாப் பூச்சைப் பூசுவதும் பெருந்தவறு. உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டுவிடும்.

மூன்றாம் கேள்வி: தளம் தாங்குமா?

மேலே கூறிய 60 சதுர மீட்டர் கூரையின் மண், தன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு நீரை ஏற்குமாயின் தளத்தின்மேல் 1,400 கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் கூடுகிறது. அந்நீரே தளத்தின் உள்ளிறங்கி இரும்புக் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்கிறது. உட்கூரையில் பழுப்பு நிறக் கறை, கம்பி செல்லும் திசையில் நீண்ட வெடிப்பு, காங்கிரீட்டுச் சில்லுகள் உதிர்தல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால், காப்பைப் பற்றிய ஆலோசனையை நிறுத்திவிட்டு முதலில் பொறியியலாளரை அழைக்க வேண்டும். செங்கல்லும் கம்பியும் சேர்ந்த பழைய தளங்களில் இவ்வெச்சரிக்கை மிகமிக அவசியம். அத்தகைய தளத்தின்மேல் புதிய பாரத்தை ஏற்றுவது ஆபத்து.

உள்விதானத்தின்மேல் உள்ள காப்பு

சில வீடுகளிலும் அலுவலகங்களிலும் காப்புப் பொருள் தளத்தின் கீழே, உள்விதானத்தின்மேல் பரப்பப்பட்டிருக்கும். கண்ணாடிப் பஞ்சாயின் அதன் கனத்தை அளந்து பார்க்க வேண்டும். நனைந்தோ, மிதிபட்டோ, எலிகள் கூடு கட்டியோ அமுங்கிப்போன பஞ்சு தன்னிடமிருந்த காற்றை இழந்ததாகும். அத்தகைய பகுதியை மாற்றுவதே முறை. கையாள்வோர் கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும். தெர்மோகோல் எளிதில் உருகித் தீப்பற்றக் கூடியதாதலின், அதனை மூடாமல் அறைக்குள் விட்டுவைப்பது தகாது.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றித் தனியே கூற வேண்டும். பழைய கட்டடங்களின் உள்விதானத் தகடுகளிலும் குழாய்களைச் சுற்றிய காப்பிலும் இந்நார் கலந்திருக்கக் கூடும். இதன் எல்லா வகைகளும் புற்றுநோயை விளைவிப்பவை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. நுரையீரலுக்குள் சென்ற நார் பல ஆண்டுகள் கழித்தே நோயை வெளிப்படுத்தும். உடையாமல் உறுதியாயிருக்கும் தகட்டைத் தொடாமல் விட்டுவைப்பதே நலம். அதனை அறுப்பதும், துளையிடுவதும், உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், துடைப்பத்தால் பெருக்குவதும் கூடா. அது சிதைந்துவிட்டிருந்தால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, நீர் தெளித்து, தூசி எழாமல் அகற்ற வேண்டும். இங்கு மாற்றும் வேலையே மாற்றாதிருப்பதைவிடத் தீங்காக முடியலாம்.

முடிவு செய்யும் முறை

மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் முடிவு செய்வது கடினமன்று. காப்பு உலர்ந்தும் தளம் உறுதியாகவும் இருந்தால் பழையதை வைத்துக்கொள்ள வேண்டும். இடுக்குகளை மட்டும் புதுப்பிக்க வேண்டும். ஓரிரு இடங்களில் மட்டும் ஈரமிருந்தால் அப்பகுதியை மட்டும் திறந்து, காயவைத்து, புதிதாக நிரப்ப வேண்டும். பெரும்பகுதி நனைந்திருந்தாலோ, தளமே பழுதுற்றிருந்தாலோ முழுவதையும் அகற்றுவது தவிர்க்க முடியாதது. அப்போது எடை குறைந்த புதுப்பொருளைத் தேர்ந்து, நீர்புகாமைக்கும் வழி செய்து, முறையாக அமைக்க வேண்டும். இவ்வேலைகளுக்கு மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்களோ, மார்ச், ஏப்ரல் மாதங்களோ ஏற்றவை. ஜூன் மாத இறுதியில் டில்லிப் பகுதியில் பருவமழை தொடங்கிவிடும் என்பதை மறத்தலாகாது.

எந்நிலையிலும் முதலில் செய்யத்தக்க மலிவான காரியம் ஒன்றுண்டு. கூரைக்கு வெள்ளையடிப்பதே அது. புதிய வெண்பூச்சு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடுகிறது. ஆகவே கூரை சூடேறுவதே குறைகிறது. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. வெறும் சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரைந்து போகும். தூசி படிந்தாலும் மங்கும். ஆதலின் ஆண்டுதோறும் கோடை தொடங்குமுன் அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

முன்னர்க் குறித்த ஆசிரியர் இம்முறைகளையே கையாண்டார். மாலை வேளைகளில் தாயாரின் அறையில் உட்கூரை அறைக்காற்றைவிடச் சூடாயிருந்தது. ஆகவே கூரையின் பங்கு உறுதியாயிற்று. திறந்து பார்த்த மூன்று இடங்களில் இரண்டு உலர்ந்திருந்தன. வடிகுழாயின் அருகில் மட்டும் மண் சேறாயிருந்தது. புறா இறகும் சருகும் குழாயை அடைத்திருந்தன. அறையின் ஒரு மூலைக்கு மேலுள்ள பகுதி அது. ஏப்ரல் மாதத்தில் அப்பகுதியை மட்டும் பெயர்த்துக் காயவைத்து, தளத்தைப் பொறியியலாளரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, தார் பூசிப் புதுமண் நிரப்பி ஓடு பதித்தார். கூரை முழுவதிலும் இடுக்குகளைப் புதுப்பித்து வெள்ளையடித்தார். மேற்குச் சன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டியும் கட்டினார்.

மறு ஆண்டு மே மாதத்தில் அவர் மீண்டும் அளந்தபோது உட்கூரையின் வெப்பம் தாழ்ந்தே இருந்தது. எனினும் இரண்டு ஆண்டுகளின் வெயிலும் ஒன்றல்லவாதலால் அதனை மட்டும் சான்றாகக் கொள்ள அவர் உடன்படவில்லை. இரண்டு ஆண்டுகளிலும் கீழ்த்தளத்து அறையையும் அதே நேரங்களில் அளந்து வைத்திருந்தார்; மேலறைக்கும் கீழறைக்கும் இருந்த வேறுபாடு குறைந்துவிட்டதையே உண்மையான பயனாகக் கொண்டார். அவ்வம்மையார் அக்கோடையில் தம் அறையிலேயே உறங்கினார். மயக்கம் மீண்டும் வரவில்லை. கேட்கப்பட்ட தொகையில் சிறு பகுதியே செலவாயிற்று. மீதியைக் கொண்டு மேலே தெர்மோகோல் சேர்ப்பதா என்பதை அடுத்தடுத்த கோடைகளின் அளவுகளைப் பார்த்து முடிவு செய்வதென அவர் வைத்துக்கொண்டார்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

கிராம ஊழியர்கள் தம் வட்டத்தில் பள்ளி, சுகாதார நிலையம், பொதுக் கட்டடம் ஆகியவற்றின் கூரைகளை மழைக்கு முன்னும் பின்னும் பார்வையிட்டு, வடிகுழாய்களையும் இடுக்குகளையும் பற்றி ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். முதியோரும் நோயாளிகளும் மேல்மாடியில் உறங்கும் வீடுகளுக்கு முதலிடம் தரவேண்டும். ஆசிரியர்கள் உஷ்ணமானிச் சோதனையை வகுப்புப் பாடமாகவே நடத்தலாம். மாணவர் தம் பள்ளியின் உட்கூரையை அளந்து வரைபடம் வரையும்போது, வெப்பக் கடத்தல் என்னும் பாடம் அவர்கள் மனத்தில் நிலைபெறும். அவர்களுடைய பெற்றோர்க்கும் அது பயன்படும்.

கூரைக்குச் செலவிட எண்ணும் எந்தக் குடும்பத்திற்கும் நாம் கூறத்தக்க யோசனை சுருக்கமானதே. முதலில் அளந்து பாருங்கள். அடுத்து ஓர் ஓட்டைத் திறந்து பாருங்கள். நீர் புகும் வழியை அடையுங்கள். அதன் பின்னரே மாற்றுவதைப் பற்றி எண்ணுங்கள்.